ரெண்டு சக்கரம்: கட்டுத்தறி மூலையில் ஒரு டபுள் ஷாக்

காங்கேயம் பக்கத்துத் தோட்டத்து வீடு ஒன்றை மனதில் கொண்டுவாருங்கள். கட்டுத்தறி ஓரம், தவிட்டு மூட்டைக்கும் மருந்தடிக்கிற டேங்குக்கும் நடுவே ஒரு சைக்கிள் சாய்ந்து நிற்கிறது. சீட்டுக்குக் கீழே விரல் தடிமனில் ஒரு ஸ்பிரிங், முன்னால் பைக்கில் இருப்பது மாதிரி இரண்டு ஷாக் அப்சார்பர். பையன் எட்டாவது படிக்கும்போது அடம்பிடித்து வாங்கியது. பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். சைக்கிள் போகவில்லை.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் வீட்டம்மா கேட்பார்: "ஏனுங்க, இந்த இரும்ப எப்பத்தான் எடைக்குப் போடுவீங்க?"

"இருக்கட்டும் உடு. காத்தடிச்சா ஓடும்."

ஓடுமா? அது எந்த வகை டபுள் ஷாக் என்பதைப் பொறுத்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். உள்ளே கதை வேறு.

சைக்கிளின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்தி, சட்டென்று விட்டுப் பாருங்கள். கட்டில் மெத்தை போலத் துள்ளித் துள்ளி அடங்கினால் அதில் இருப்பது வெறும் ஸ்பிரிங். அழுத்தியது நிதானமாக ஒரே மூச்சில் எழும்பி நின்றால் ஸ்பிரிங்கோடு எண்ணெயும் வேலை செய்கிறது என்று அர்த்தம். மேட்டில் ஏறிய அதிர்ச்சியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுக்காமல் தடுப்பது எண்ணெயின் வேலை. சின்னத் துளைகள் வழியே அது நெருக்கிக்கொண்டு போவதால்தான் துள்ளல் அடங்குகிறது. டேம்பர் என்று பெயர். கடையில் பையன்களின் கண்ணைக் கவரும் விலை குறைந்த டபுள் ஷாக்குகளில் பெரும்பாலும் இந்த டேம்பர் கிடையாது. எடையும் 18 கிலோவைத் தொடும். மிதிக்கிற மிதியில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போகாமல் ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே கரையும். சிவன்மலைக்குத் தார் ரோட்டில் மிதித்துப் பார்த்த பையன்கள் மூச்சு வாங்கித் திரும்பியதற்கு அவர்கள் சாப்பாடு காரணமில்லை.

அந்த வகை என்றால் வீட்டம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெரிதாகச் செலவு செய்ய வேண்டாம். டயர், டியூப், பிரேக் கட்டை மாற்றினால் பால் சொசைட்டி வரைக்கும் போய்வரலாம். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

இந்த வாரம் சொல்ல வந்தது இரண்டாவது வகையைப் பற்றி. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் நல்ல விலைக்கு விற்ற, டேம்பர் உள்ள, அலுமினிய ஃபிரேம் ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள்கள். கோவை, பெங்களூருக்காரர்கள் புது மாடலுக்கு மாறும்போது பழசைக் கழித்துவிடுவார்கள். 26 இன்ச் சக்கரம் என்றாலே இன்றைக்கு மவுண்டன் பைக் உலகில் மதிப்புக் குறைவு. அதனாலேயே மலிவாகக் கைக்கு வரும்.

காங்கேயத்தில் மலையேற்ற சைக்கிளுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஊதியூர் மலை காப்புக்காடு. வனத்துறையைக் கேட்காமல் அங்கே சைக்கிளைக் கொண்டுபோகக் கூடாது. ஆனால் மலையே தேவையில்லை. இட்டேரி இருக்கிறதே! இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித்தடம், தடத்துக்கு நடுவே மேடாகப் புல், மழை அரித்த பள்ளத்தில் துருத்தி நிற்கிற கல். கொறங்காட்டுச் சரளை மண்ணில் ஒரு கிலோமீட்டர் சாதா சைக்கிளில் போனவருக்கு இடுப்பு எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். பி.ஏ.பி. வாய்க்கால் கரை கொஞ்சம் தேவலாம். ஐம்பதைத் தாண்டிய, முதுகுவலிக்குப் பயந்து சைக்கிளை விட்ட ஒருவர் இட்டேரியில் நல்ல பின் ஷாக்கோடு போனால் வித்தியாசம் முதல் பள்ளத்திலேயே தெரியும்.

இந்த வகை சைக்கிள் பிறந்ததும் பழைய சாமானில்தான். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தமல்பைஸ் என்றொரு மலை (பெயரைக் கேட்டு உறவு கொண்டாட வேண்டாம், அது அங்கத்திய பழங்குடி மொழிப் பெயர்). 1970-களில் அங்கே சில இளைஞர்கள் குண்டு டயர் போட்ட பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மண் பாதையில் இறங்கினார்கள். 1976-ல் தொடங்கிய அவர்களது பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர பிரேக் சூடேறி கிரீஸ் புகைந்து போகும். ஒவ்வொரு முறையும் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதைத்தான் பெயராக வைத்துவிட்டார்கள். அந்தப் பழைய சைக்கிள்களின் சக்கரம் 26 இன்ச். அதுவே சுமார் 35 வருடம் மவுண்டன் பைக்கின் அளவாக நின்றது. 1989-ல் ராக்‌ஷாக்ஸ் கம்பெனி முன் ஃபோர்க்கில் காற்றும் எண்ணெயும் வைத்து ஷாக் கொண்டுவந்தது. 90-களில் பின்பக்கமும் ஷாக் பரவியது. 2010-க்குப் பிறகு 29, 27.5 இன்ச் சக்கரங்கள் வந்து 26-ஐ ஓரங்கட்டின.

ஓரங்கட்டியது அங்கே. நம் ஊர் சைக்கிள் கடைகளில் 26 இன்ச் டயர் இன்றைக்கும் தொங்குகிறது. வெளிநாட்டில் பழைய சைக்கிள்காரர்கள் தேடி அலைகிற டயர் இங்கே எட்டும் தூரத்தில் இருப்பது ஒரு வேடிக்கை. ஒன்றே ஒன்றைப் பார்த்து வாங்க வேண்டும். டயரில் 26 x 1.95, 26 x 2.10 என்று புள்ளி வைத்து எழுதியிருந்தால் அது இந்த ரிம்முக்கு உட்காரும். 26 x 1 3/8 என்று பின்னத்தில் இருந்தால் அது வேறு அளவு; இந்த ரிம்முக்குப் பெரிது, தொளதொளவென்று நிற்கும், உட்காராது. டயர் ஓரத்தில் 559 என்ற எண்ணைத் தேடுவது சுலபம். வால்வையும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு ரிம்கள் பலவற்றில் ஓட்டை 6 மில்லிமீட்டர்தான். ஊசி மாதிரி மெல்லிய வால்வுக்கு. கடையில் கொடுக்கும் பைக் வால்வு டியூப் அதில் நுழையாது. அப்படியே ஓட்டையைப் பெரிதாக்கித் துளையிடுவதை விட, மெல்லிய வால்வு டியூப் இரண்டை முன்கூட்டியே வாங்கி வைப்பது மேல். கொறங்காட்டில் இரண்டு போதுமா என்பது வேறு விஷயம். வெள்வேலான் முள், சீமைக் கருவேல முள், நெருஞ்சி என்று மூன்றும் காத்திருக்கின்றன. பஞ்சர் ஒட்டியதும் டியூபைத் திணித்துவிடாமல் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் துழாவிப் பார்க்க வேண்டும். ஒடிந்த முனை உள்ளேயே இருந்தால் அரை கிலோமீட்டரில் மறுபடியும் பஞ்சர்.

அடுத்தது கீல்கள். பின்பக்கம் மடங்கி எழும்ப ஃபிரேமில் நாலைந்து இடத்தில் கதவுக் கீல் போல மூட்டு இருக்கும். மூட்டுக்குள் பேரிங். சைக்கிளை நிறுத்தி சீட்டை லேசாகத் தூக்கும்போது 'டக்' என்று ஓர் ஆட்டம் கையில் தெரிந்தால், ஒன்று அந்தப் பேரிங் போயிருக்கும், இல்லையென்றால் ஷாக்கின் இரு முனையில் உள்ள புஷ் தேய்ந்திருக்கும். சைக்கிள் கடையில் கேட்டால் "கம்பெனிக்கு எழுதிப் போடணுங்க" என்பார்கள். பழைய மாடலுக்குக் கம்பெனியில் இருக்காது. ஆனால் பேரிங்கின் ரப்பர் மூடியில் ஓர் எண் இருக்கும்: 608, 6900, 6902 இப்படி. 6900 என்றால் உள்விட்டம் 10, வெளிவிட்டம் 22, தடிமன் 6 மில்லிமீட்டர். உலகம் முழுக்க ஒரே கணக்கு. மோட்டாருக்கும் அதேதான், மெஷினுக்கும் அதேதான். அரிசி ஆலையும் எண்ணெய் மில்லும் ஓடுகிற ஊரில் பேரிங் கடைக்குப் பஞ்சமா? எண்ணைச் சொல்லி, இரண்டு பக்கமும் ரப்பர் மூடியுள்ள 2ஆர்.எஸ். வகையாகக் கேட்டு வாங்கினால் போதும். ஒரு குறை உண்டு. கீலில் பேரிங் முழுதாகச் சுற்றுவதில்லை, சில டிகிரி மட்டுமே அசையும். குண்டுகள் ஒரே இடத்தில் இடிபட்டுப் பள்ளம் விழும். அதனால்தான் சைக்கிள் கம்பெனிகள் கூண்டு இல்லாமல் குண்டுகளை நெருக்கி அடைத்த பேரிங் போடுகின்றன. கடைப் பேரிங் கொஞ்சம் சீக்கிரம் தேயும். விலையைப் பார்த்தால் அது பெரிய நஷ்டமில்லை.

புஷ் தேய்ந்தால் லேத் பட்டறை. பின் கியரைத் தாங்கும் சின்ன அலுமினியத் துண்டு வளைந்தாலும், பழையதை மாதிரிக்குக் கொடுத்தால் அதே அளவில் வெட்டித் தர ஆள் உண்டு. கோயமுத்தூர் வரைக்கும் பம்ப்பும் மோட்டாரும் செய்கிற பூமியில் இது ஒரு வேலையே இல்லை. பழைய ஃபுல் சஸ்பென்ஷனை வைத்துக் கொள்ள இந்த வட்டாரத்தை விடத் தோதான இடம் குறைவு.

லேத்காரர் கை வைக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. அது பின் ஷாக்.

பெரும்பாலான நல்ல சைக்கிள்களில் பின் ஷாக்கில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுதான். அழுத்தம் 100 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை, சில சமயம் அதற்கும் மேல். கார் டயரில் இருப்பதே 30, 35 தான். பஞ்சர் கடை கம்ப்ரசரை அதில் வைக்கவே கூடாது. ஷாக் பம்ப் என்று தனியாகக் கைப் பம்ப் உண்டு. பழைய சைக்கிள் வாங்குபவர் முதலில் வாங்க வேண்டிய சாமான் அதுதான். 70 கிலோ ஆளென்றால் பல ஃபிரேம்களுக்கு 150 வாக்கில் தொடங்கலாம். ஷாக் தண்டில் உள்ள ரப்பர் வளையத்தை மேலே ஒட்டித் தள்ளிவிட்டு, துள்ளாமல் சீட்டில் உட்கார்ந்து, அலுங்காமல் இறங்கிப் பார்க்க வேண்டும். 50 மில்லிமீட்டர் ஓடும் ஷாக் என்றால் வளையம் 12 முதல் 15 மில்லிமீட்டர் நகர்ந்திருக்க வேண்டும். குறைவென்றால் காற்றைக் குறை, அதிகமென்றால் ஏற்று. இவ்வளவுதான். இதைச் செய்யாமல் "ஷாக் வேலையே செய்யல" என்று விற்றவர்கள் எத்தனையோ பேர்!

காற்று அறையின் ரப்பர் சீல்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பிரித்துத் துடைத்து எண்ணெய் போடச் சொல்கிறது ராக்‌ஷாக்ஸ். முழுக் காற்றையும் இறக்கிவிட்டு, கை பழகியவர் செய்யலாம். அதற்கு உள்ளே இருக்கும் எண்ணெய் அறை அப்படியல்ல. அதற்குப் பின்னால் பல மாடல்களில் நைட்ரஜன் வாயுவை மிகுந்த அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். வெளியே காற்றை இறக்கினாலும் அது இறங்காது. வைஸில் பிடித்துத் திருகினால் துண்டு முகத்துக்கே வரலாம். ஷாக் போய்விட்டால் சர்வீஸ் சென்டருக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் வேறு ஷாக் தேட வேண்டும். தேடுவதற்கு முன் இரண்டு அளவு: இரு முனை ஓட்டைகளின் நடுவிலிருந்து நடு வரை நீளம், தண்டு உள்ளே போகும் தூரம். 190 x 50 மாதிரி இருக்கும். 2016-க்குப் பிறகு வந்த புது அளவுகள் பெரும்பாலும் பழைய ஃபிரேமுக்குப் பொருந்தா. ஓட்டம் நீளமான ஷாக்கை மாட்டினால் பள்ளத்தில் டயர் போய் ஃபிரேமிலேயே உரசும். இந்த இரண்டு எண்ணையும் சைக்கிள் வாங்கிய அன்றே சுவரில் எழுதி வைப்பது நல்லது. ஷாக் கசிந்த பிறகு சரியாக அளக்க முடியாமல் போகலாம்.

பிரேக்கில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கும். எண்ணெய் டிஸ்க் பிரேக் இளகிப் போனால் பக்கத்து பைக் மெக்கானிக் பிரியமாக டாட் 4 ஊற்றித் தருவார். பழைய ஆவிட், ஹேஸ் பிரேக்குகளுக்கு அது சரி. ஷிமானோவுக்கு மினரல் ஆயில்தான். மாற்றி ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். லீவர் மூடியிலேயே எது என்று எழுதியிருக்கும்; படித்த பிறகு ஊற்றலாம்.

பழைய ஃபிரேமின் சாய்மானமும் வேறு. முன்சக்கரம் அதிகம் நெட்டுக்குத்தாக இருப்பதால் செங்குத்தான இறக்கத்தில் ஆளை முன்னால் தள்ளும். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மைக் குட்டையாகவும், பாரை அகலமாகவும் மாற்றினால் பாதிப் பயம் போகும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், காசு கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஃபிரேமைக் கழுவுவது. அழுக்கோடு காட்டினால், "கழுவிட்டுப் பாக்கலாங்களா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. இரும்பு ஃபிரேம் வளைந்து எச்சரிக்கும். அலுமினியம் வருடக்கணக்கில் அசைவைத் தாங்கி, ஒரு நாள் முடி மாதிரி கோடாகத் தொடங்கி, பிறகு ஒரேயடியாக விடும். ஹேண்டில்பாருக்குக் கீழே வெல்டிங், சீட் குழாய் சேருமிடம், கீல்களைச் சுற்றி என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பெயின்ட் கீறலா, விரிசலா என்று சந்தேகம் வந்தால் நகத்தை ஓட்டிப் பார்க்கலாம். நகம் மாட்டினால் வேண்டாம்.

"ஆர்கான் வெல்டிங் வெச்சுக்கலாங்க" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். வைக்கலாம், ஒட்டவும் செய்யும். ஆனால் அந்த அலுமினியத்துக்குப் பலம் வருவது கம்பெனியில் வெல்டிங்குக்குப் பிறகு உலையில் வைத்துப் பதப்படுத்துவதால். பட்டறையில் சூடேற்றிய இடத்தைச் சுற்றி அந்தப் பதம் போய்விடும். ஒட்டிய கோட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் வரும். அது வருவது இட்டேரிப் பள்ளத்தில், முன்சக்கரம் கல்லில் ஏறிய நேரத்தில். அப்படிப்பட்ட ஃபிரேமை வீட்டம்மா சொன்னபடி எடைக்குப் போட்டுவிடலாம். சக்கரம், பிரேக், சீட், ஷாக் பம்ப் இவற்றைக் கழற்றி வைத்துக்கொண்ட பிறகு.