சென்னைப் பேருந்துப் பயணிகளின் கொள்கைப் பிரகடனம்

சென்னையில் பஸ்ஸுக்கு நிற்கும் நாங்கள் இன்றுமுதல் ஓர் இயக்கமாகக் கூடுகிறோம். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், இரவு ஷிப்ட் முடித்துத் திரும்பும் செவிலியர்கள், மாநகரப் பேருந்தை இன்னமும் பழைய பெயரில் ‘பல்லவன்’ என்றே சொல்லும் பெரியவர்கள் எல்லாரும் எங்களில் உண்டு. நாங்கள் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: பஸ் அடிக்கடி வர வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

லட்சம் பேருக்கு 60 பேருந்து இருந்தால்தான் உயர்தரச் சேவை என்று மத்திய நகர்ப்புற அமைச்சகமே அளவுகோல் வகுத்திருக்கிறது. ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் இந்தப் பெருநகரில் மாநகர் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பது மூவாயிரத்துச் சொச்சம். ஏறத்தாழப் பாதி. அதிலும் ஓட்ட ஆளில்லாமல் பணிமனையில் நிற்கும் வண்டிகளைக் கழித்துக்கொள்ளுங்கள்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதை நாங்கள் நெஞ்சாரப் பாராட்டுகிறோம். ஆனால் மாலை ஆறு மணிக்கு ஒரு நிறுத்தத்தில் வந்து நின்று பாருங்கள். கைப்பையை இடுக்கிக்கொண்டு கண்ணைச் சுருக்கி போர்டைப் படிப்பார் ஓர் அம்மா. வருவது டீலக்ஸ், விட்டுவிடுவார். அரை மணி நேரம் கழித்து ஒரே நம்பரில் இரண்டு வண்டிகள் ஒட்டிக்கொண்டு வரும். முன்னது ஃபுட்போர்டு வரை நிரம்பி, நிறுத்தம் தாண்டி நிற்கும். ஓடிப்போய் உயரமான முதல் படியில் கால் வைப்பதற்குள் விசில் கேட்டுவிடும். இதற்குமேல் ‘ஓசி டிக்கெட்’ என்ற பேச்சு வேறு! அந்த டிக்கெட்டுக்கான பணத்தை எங்கள் வரியிலிருந்துதான் அரசு கழகத்துக்குக் கொடுக்கிறது. யாரும் யாருக்கும் பிச்சை போடவில்லை.

நகரின் நடுவிலிருந்த குடிசைகளை எடுத்துக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மக்களை அனுப்பியவர்கள், அவர்களுடைய பிழைப்பை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டார்கள். அங்கே காலை பஸ் தவறினால் அன்றைய கூலி போச்சு.

மெட்ரோவுக்கு நாங்கள் எதிரிகள் அல்லர். 2015-ல் கோயம்பேடு–ஆலந்தூர் ரயில் ஓடியபோது நாங்களும்தான் வேடிக்கை பார்க்கப் போனோம். இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய், ஆகட்டும். ஆனால் ஸ்டேஷனிலிருந்து வீட்டுத் தெருவுக்கு எது கொண்டுபோய்ச் சேர்க்கும்? மெட்ரோ வந்துவிட்டது என்று சொல்லி ஒரு தடத்தில்கூடச் சாதாரணப் பேருந்தைக் குறைக்க விடமாட்டோம்.

எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கப் போக்குவரத்துக் குழுமம் ஒன்றுக்கு 2010-ல் சட்டம் இயற்றினார்கள். முதல் கூட்டம் நடந்தது 2022-ல். 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. இதைத்தான் இங்கே திட்டமிடல் என்கிறார்கள். பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் 2025-ல் செயலி வழியாக வந்தது. நல்லது, ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கும் அது கிடைக்க வேண்டும்.

ஓட்டுநரும் நடத்துநரும் எங்கள் எதிரிகள் அல்லர். ஒரு சிங்கிளுக்கு, அதாவது ஒருவழி நடைக்கு, கொடுக்கும் நேரம் அண்ணா சாலை நெரிசலில் கரைந்துபோனால் அவர்கள் என்ன செய்வார்கள்? எழுபது பேர் நிற்கும் பஸ்ஸும் ஒரே ஆள் உட்கார்ந்திருக்கும் காரும் ஒரே சிக்னலில் சரிசமமாகக் காத்துக்கிடப்பது அநியாயம். பெரிய சாலைகளில் பஸ்ஸுக்குத் தனித்தடம் வேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். சக்கர நாற்காலி ஏறும் தாழ்தள வண்டிகள் எல்லாத் தடத்திலும் ஓட வேண்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுதி ஒட்ட வேண்டும். எழுதிய பிறகு அது வரவும் வேண்டும்.

இயக்கத்தில் சேரச் சந்தா கிடையாது, கொடி கிடையாது. உங்கள் நிறுத்தத்தில் எந்த நம்பர் எத்தனை மணிக்கு வந்தது, எது நிற்காமல் போனது என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்போடு முதலில் பணிமனைக் கிளை மேலாளரையும் பிறகு தொகுதி எம்எல்ஏவையும் சேர்ந்தே போய்ப் பார்ப்போம், வாருங்கள்.