தலைக்கனம் பிடித்த பஸ்கள்

வெள்ளிக்கிழமை இரவுகளில் பெங்களூர் கலாசிபாளையத்திலும் மடிவாளாவிலும் ஸ்லீப்பர் பஸ் ஏறி மதுரைக்கும் நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் போகிறவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பொங்கல், தீபாவளி என்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே கேட்ட கட்டணத்தைக் கொடுத்து, மேல் படுக்கையோ கீழ்ப் படுக்கையோ கிடைத்த இடத்தில் படுத்து, விடிந்தால் ஊர் என்று கண்ணை மூடுகிறார்கள். தூக்கம் வருகிறதா என்பது வேறு விஷயம். தொப்பூர்க் கணவாயின் வளைவுகளில் பஸ் இடமும் வலமுமாக ஆடும்போது, மேல் படுக்கையில் இருப்பவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு விழித்தே கிடக்கிறார்.

இந்த ஆட்டத்துக்குச் சாலையைக் குறை சொல்வது வழக்கம். ஓட்டுநரைக் குறை சொல்வது அதைவிட வழக்கம். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் நாற்கரச் சாலை வந்து ஆண்டுகள் பல ஆன பின்பும், நிதானமான ஓட்டுநர் ஓட்டும் பஸ்ஸிலும், ஆட்டம் ஏன் ஓயவில்லை? பாடி கட்டும் பட்டறையிலும் பஸ்ஸின் கூரையிலும்தான் அதற்கு விடை இருக்கிறது.

கோயில் தேரைக் கட்டிய ஸ்தபதிகளுக்கு இந்தச் சூட்சுமம் தெரிந்திருந்தது. தேரின் அடிப்பாகம் முழுக்கக் கனமான மரம். சிற்பங்கள், அச்சுகள், சக்கரங்கள் எல்லாப் பாரமும் அங்கேதான். மேலே வானளாவ எழும் பகுதியோ மூங்கிலும் சாரக் கட்டைகளும் தேர்ச்சீலையும். உயரம் பெரிதாகத் தெரியும். பாரம் கீழேயே தங்கிவிடும். ஸ்லீப்பர் பஸ்ஸில் இது தலைகீழாக நடக்கிறது. பதினைந்து பேர் மேல் தட்டில் படுத்தாலே ஏறக்குறைய ஒரு டன் எடை தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. அதற்கும் மேலே, கூரையில், தார்ப்பாய் போர்த்திய பார்சல் மூட்டைகள். பீன்யாவிலிருந்து போகும் இயந்திர உதிரிப் பாகங்களும் துணி மூட்டைகளும் மோட்டார் சைக்கிளும்கூட அங்கே ஏறுகின்றன. சாஸி இரண்டரை மீட்டர் அகலத்துக்குள் நிற்க, பாரமோ மூன்றரை மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. இதைத்தான் தலைக்கனம் என்பது.

பஸ் திரும்பும்போது அதை வெளிப்பக்கம் தள்ளும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்றபடி கூடுகிறது. 60 கிலோமீட்டரில் எடுத்த வளைவை 80ல் எடுத்தால் விசை ஒன்றே முக்கால் மடங்குக்கும் சற்று அதிகம். அந்த விசை எவ்வளவு உயரத்தில் செயல்படுகிறதோ அவ்வளவு சாய்வு. பஸ் வெறும் நான்கு டிகிரி சாய்ந்தாலே கீழ்ப் படுக்கை ஆறேழு சென்டிமீட்டர் நகரும். மேல் படுக்கை பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நகரும். உடனே மறுபக்க வளைவு வந்தால் இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். மேல் படுக்கைக்காரரின் புகார் வெறும் சொகுசுப் புகார் அல்ல என்பது இதிலிருந்தே விளங்கும். ஒருபுறம் இரட்டைப் படுக்கை, மறுபுறம் ஒற்றைப் படுக்கை என்று அமைத்த பஸ்களில் ஒரு பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் என்றும் கூடுதலாகச் சுமக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏர் சஸ்பென்ஷன் பஸ் என்றால் ஆடாது என்று பயணிகள் நம்புகிறார்கள். காற்றுப் பைகள் குழியின் அடியை மெத்தென்று வாங்கிக்கொள்ளும். பக்கவாட்டுச் சாய்வைத் தடுக்கும் வலு அவற்றுக்குக் குறைவு. அந்த வேலைக்கென்று இருப்பது ஆன்டி ரோல் பார் என்னும் வளைந்த எஃகுக் கம்பி. இரு பக்கத்துச் சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கினால் அது சும்மா இருக்கும். ஒரு பக்கம் மட்டும் அமுங்கினால் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். அதன் முனைகளில் உள்ள ரப்பர் புஷ்கள் தேய்ந்து போனால் கம்பி இருந்தும் இல்லாததுபோலத்தான். ஷாக் அப்சார்பர் தளர்ந்தால் ஒருமுறை சாய்ந்த வண்டி நான்குமுறை ஆடித்தான் நிற்கும். டயரில் காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவரே நெளிந்து கொடுக்கும். எல்லாம் சில்லறைச் செலவுகள், இருந்தும் தள்ளிப்போடப்படுபவை. சில பட்டறைகளில் இதற்கு மாற்றாக இரண்டு பட்டைகளைக் கூடுதலாகச் செருகி விடுகிறார்கள். ஆட்டம் கொஞ்சம் குறையலாம். பயணியின் முதுகெலும்பு அதற்கு விலை கொடுக்கிறது. உயரத்தில் இருக்கும் பாரம் அப்படியேதான் இருக்கிறது.

கேரவன் வண்டிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது பொருத்தம். கேரவன் என்றதும் சினிமா நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் தமிழர்களுக்கு நினைவு வரும். படப்பிடிப்புத் தளத்தில் நின்ற இடத்தில் நிற்கும் வண்டி ஆடவா போகிறது? ஆனால் இப்போது அதுபோன்ற வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடகுக்கும் வயநாட்டுக்கும் போகும் குடும்பங்கள் பெங்களூரில் உண்டு. கேரளம் 2021ல் இதற்கென்றே ஒரு சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. சமையல் மேடை, அலமாரி, கட்டில், தண்ணீர்த் தொட்டி என்று ஒரு வீட்டையே வேன் சாஸியில் ஏற்றினால் அதுவும் ஆடத்தான் செய்யும். 200 லிட்டர் தண்ணீரின் எடை 200 கிலோ. தொட்டியை ஓரமாக வைத்தால் வண்டி நிற்கும்போதே ஒருக்களித்து நிற்கும். பாதி காலியான தொட்டியில் தண்ணீர் அலைமோதி ஆட்டத்தைக் கூட்டும்.

அமெரிக்காவில் இத்தகைய வண்டிகளிலேயே மாதக்கணக்கில் குடியிருப்பவர்கள் செய்வது என்ன? முதலில் ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் எவ்வளவு எடை என்று நிறுத்துப் பார்க்கிறார்கள். எடைக்கேற்பக் காற்றடிக்கிறார்கள். கனமான சாமான்களைக் கீழே இறக்கி, இருபுறமும் சமமாகப் பிரிக்கிறார்கள். பிறகு ஷாக் அப்சார்பரை மாற்றி, தடிமனான ஆன்டி ரோல் பார் போடுகிறார்கள். பின் அச்சு பக்கவாட்டில் நழுவாதிருக்க அதைச் சாஸியோடு ஒரு தண்டால் பிணைப்பவர்களும் உண்டு. இதில் மந்திரம் எதுவுமில்லை. ஆட்டத்தை அனுபவிப்பவரே வண்டியின் சொந்தக்காரர். ஆகவே செலவு செய்கிறார். ஸ்லீப்பர் பஸ்ஸில் ஆட்டம் ஒருவருக்கு, லாபம் இன்னொருவருக்கு.

பஸ் உரிமையாளர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சாதாரண நாட்களில் பாதிப் படுக்கைகள் காலியாக ஓடும்போது டீசலுக்கும் சுங்கக் கட்டணத்துக்கும் கைகொடுப்பது பார்சல் வருமானம்தான். பார்சலே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அடியில் டிக்கி இருக்கிறது. அங்கே ஏற்றும் சரக்கு வண்டியை உறுதியாகவே நிற்கவைக்கும், அனுமதித்த எடைக்குள் இருக்கும் வரை. கூரை மேல் ஏற்றும் ஒவ்வொரு மூட்டையும் அதற்கு எதிர்வேலை செய்கிறது.

சட்டம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. பஸ் பாடிக்கு ஏ.ஐ.எஸ். 052, ஸ்லீப்பர் பஸ்ஸுக்கு ஏ.ஐ.எஸ். 119 என்று தனித்தனி விதிமுறைகள் உள்ளன. பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. ஆனால் ஒரு பஸ்ஸின் ஜாதகத்தைப் பாருங்கள். சாஸி ஒரு மாநிலத்தில் தயாராகிறது. பாடி கரூரிலோ வேறெங்கோ கட்டப்படுகிறது. வரி குறைவு என்பதால் நாகாலாந்திலோ அருணாசலப் பிரதேசத்திலோ பதிவாகிறது. பயணி ஏறுவது கர்நாடகத்தில், இறங்குவது தமிழ்நாட்டில். இதில் எந்த ஊர் பிரேக் இன்ஸ்பெக்டர் புஷ் தேய்ந்திருப்பதைப் பார்ப்பார்? புதிய பஸ்ஸுக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் எஃப்.சி. அன்று பஸ் குளித்து முழுகிப் பொட்டு வைத்துக்கொண்டு போகிறது. கூரையில் மூட்டை ஏது?

லண்டன் நகரின் இரட்டை மாடி பஸ்களுக்கு ஒரு சோதனை உண்டு. மேல் தட்டில் பயணிகளின் எடைக்கு ஈடாகப் பாரம் ஏற்றி, பஸ்ஸை 28 டிகிரி சாய்த்துப் பார்ப்பார்கள், கவிழக் கூடாது. கீழ்த் தட்டைக் காலியாக விட்டு, மேலே மட்டும் பாரம் ஏற்றுவதுதான் இதில் கவனிக்கத் தக்கது. மோசமான நிலையை எண்ணிச் சோதிப்பது என்பது அதுதான். ஓடும் ஸ்லீப்பர் பஸ்களில் சிலவற்றையாவது, மேல் படுக்கைகளில் மணல் மூட்டை வைத்து, இவ்வாறு சாய்த்துப் பார்த்து முடிவை வெளியிட்டால் பல உண்மைகள் தெரியவரும்.

2013ல் மகபூப்நகர் மாவட்டத்தில் பெங்களூரிலிருந்து ஐதராபாத் சென்ற பஸ் எரிந்து 45 பேர் மாண்டனர். 2025 அக்டோபரில் கர்நூல் அருகே, ஐதராபாத்திலிருந்து பெங்களூர் வந்த ஸ்லீப்பர் பஸ் எரிந்தது. அவற்றின் பிறகு அவசர வழி, தீயணைப்புக் கருவி ஆகியவற்றைப் பற்றிப் பேச்சு எழுந்தது. எழ வேண்டியதுதான். ஆனால் தலைக்கனம் பிடித்த பஸ் திடீரென்று விலகவோ திரும்பவோ நேர்ந்தால் எளிதில் புரளும். புரண்டு படுத்த பஸ்ஸில் கதவு தரையோடு அழுந்திப் போனால் உறக்கத்திலிருந்து எழுந்தவர் எந்த வழியைத் தேடுவார்? சீனா 2012ல் புதிய ஸ்லீப்பர் பஸ்களைப் பதிவு செய்வதையே நிறுத்திவிட்டது. இங்கே அவ்வளவு தூரம் போனால் ஊருக்குப் போக வழியில்லாமல் தவிப்பவர்கள் ஏழைகளும் நடுத்தரக் குடும்பத்தினருமே. ஆகவே பஸ் வேண்டும். ஆனால் ஆடாத பஸ் வேண்டும்.

உடனடியாகச் செய்யக்கூடியது கூரையைக் காலி செய்வது. அதற்குப் புதுச் சட்டமோ கோடிக்கணக்கில் கருவிகளோ தேவையில்லை. பெங்களூரிலிருந்து சேலம் செல்லும் பஸ்கள் அத்திப்பள்ளியிலும் கிருஷ்ணகிரியிலும் சுங்கச் சாவடிகளில் வேகம் குறைத்துத்தான் கடக்கின்றன. கர்நாடக, தமிழக போக்குவரத்துத் துறைகள் அங்கே ஆளுக்கொரு குழுவை இரவில் நிறுத்தி, கூரைச் சரக்கை அங்கேயே இறக்கச் செய்து, புஷ்ஷையும் டயரையும் ஒரு டார்ச் விளக்கு வைத்துப் பார்த்தால் போதும். பொங்கல் கூட்டம் தொடங்கும் முன் இரண்டு மாநிலங்களும் கலந்து பேசித் தேதி குறிக்கட்டும்.