பழைய ஒலிபெருக்கிக்குப் புதிய சவப்பெட்டி

அண்மையில் நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் புத்தம் புதிய இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள். பளபளக்கும் தேக்கு நிறம், முகப்பில் பொன்னிற வளையம். உள்ளே இருப்பவை 1950களில் மேற்கு ஜேர்மனியில் செய்யப்பட்ட காகிதக் கூம்பு ஒலிபெருக்கிகள் என்று பெருமையுடன் சொன்னார். எங்கிருந்து கிடைத்தன என்று கேட்டேன். விறாந்தையின் மூலையைக் காட்டினார். அவருடைய தந்தையார் வாங்கி வைத்திருந்த வால்வு வானொலிப் பெட்டி அங்கே வயிறு கிழிந்து கிடந்தது. போன வருடம் வரை அது பாடிக்கொண்டிருந்தது. எனக்கு நன்றாகத் தெரியும், நானே அதில் செய்தி கேட்டிருக்கிறேன்.

"அண்ணை, ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ, பழைய சாமான் எண்டால் பழைய சாமான்தான்" என்று பாட்டொன்றைப் போட்டார். கேட்டேன். பாடகரின் குரல் பானைக்குள் இருந்து வந்தது. சங்கீதத்தின் அடித்தளம் காணாமற் போயிருந்தது. மேலே பொருத்தியிருந்த ருவீற்றரில் இருந்து ஏதோ மெல்லிய சீறல். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் வந்ததற்குப் பிராயச்சித்தமாகவே இதை எழுதுகிறேன்.

பழைய முழுவீச்சு ஒலிபெருக்கிகள் மீது உலகெங்கும் ஒரு மோகம் பிடித்திருக்கிறது. முழுவீச்சு என்பது, தாழ்ஒலி முதல் உயரொலி வரை சகலதையும் ஒரே கூம்பினால் தர முயலும் ஒலிபெருக்கி. பிலிப்ஸ் நிறுவனத்தின் 9710, சாபா வானொலிகளில் இருந்த பச்சைக் கூம்பு, இங்கிலாந்தின் லௌதர் என்று பெயர்கள் மந்திரம்போல உச்சரிக்கப்படுகின்றன. இந்த மோகத்தை நான் குறை கூறவில்லை. அவை உண்மையிலேயே நல்லவை. மனிதக் குரலை இவ்வளவு இயல்பாகத் தரும் கருவிகள் குறைவு. நான் குறை கூறுவது, அந்த மோகத்தை வைத்து நடக்கும் வியாபாரத்தையும், அதற்குத் துணைபோகும் அரைகுறை ஞானத்தையுமே.

முதலாவது பொய்: "எந்தப் பெட்டியிலும் போடலாம்."

போட முடியாது. ஒலிபெருக்கி என்பது பாதிக் கருவி. மற்றப் பாதி பெட்டி. 1950களின் வானொலி ஒலிபெருக்கி, பின்புறம் திறந்த பெரிய மரப்பெட்டிக்காக வடிவமைக்கப்பட்டது. பின்புறம் திறந்திருந்தால், கூம்பின் பின்னால் வரும் அலை சுற்றி வந்து முன்னால் வரும் அலையை அழிக்கும். 100 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீற்றர், ஒரு மீற்றர் அகலப் பலகையில் பொருத்தினாலும் சுமார் 100 ஹேர்ட்சுக்குக் கீழே ஒலி வடிந்துவிடும். இது அக்காலப் பொறியியலாளருக்குத் தெரியாததா? தெரிந்துதான், பரிவு மீடிறனில் (இந்திய வழக்கில் ஒத்ததிர்வு அதிர்வெண்) சற்று மிகையாக ஒலிக்கும் கூம்புகளை அவர்கள் செய்தார்கள். திறந்த பெட்டி இழப்பதைக் கூம்பு நிரப்பியது. இரண்டும் சேர்ந்து ஒரு சமநிலை.

அந்தக் கூம்பைக் கழற்றிச் சிறிய மூடிய பெட்டியில் அடைத்தால் என்ன நடக்கும்? ஓர் உதாரணக் கணக்கு. ஒலிபெருக்கியின் பரிவு 50 ஹேர்ட்ஸ், அதன் மொத்தப் பரிவுக் காரணி 0.6, அதன் தொங்கலின் நெகிழ்ச்சிக்குச் சமமான காற்றின் கனவளவு 100 லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி 12.5 லீற்றர். நூறைப் பன்னிரண்டரையால் வகுத்தால் 8. ஒன்றைக் கூட்டினால் 9. அதன் வர்க்கமூலம் 3. பரிவு மும்மடங்காகி 150 ஹேர்ட்சுக்கு ஏறிவிடும். பரிவுக் காரணியும் 1.8 ஆகிவிடும். 0.7 அளவில் இருந்தால் ஒலி சமமாக இருக்கும், 1.8 என்றால் அந்த இடத்தில் 5 டெசிபலுக்கு மேல் புடைப்பு. 150 ஹேர்ட்ஸ் எது? ஆண்குரலின் அடித்தளம். நண்பரின் வீட்டில் நான் கேட்ட பானை அதுதான்! அதே ஒலிபெருக்கியை 100 லீற்றர் பெட்டியில் வைத்தால் பரிவு 70 ஹேர்ட்ஸ் அளவிலும், காரணி 0.85 அளவிலும் நின்றுவிடும். கேட்கத் தக்க ஒலி. ஆனால் 100 லீற்றர் பெட்டியைக் கூடத்தில் வைக்க வீட்டுக்காரி சம்மதிக்கமாட்டார் என்பதால், வியாபாரி 12 லீற்றர் பெட்டியைச் செய்து விற்கிறார்.

மறுபுறம் லௌதர் வகையைப் பாருங்கள். போல் வோய்ட் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளரின் வழிவந்தது அது. பிரதான கூம்பின் நடுவில் சிறு கூம்பொன்றை ஒட்டி உயரொலியைப் பெறும் முறையும் 1930களில் அவரிடமிருந்தே வந்தது. லௌதரின் காந்தம் மிக வலியது. பரிவுக் காரணி மிகத் தாழ்ந்தது. அதைத் திறந்த பலகையில் பொருத்தினால் தாழ்ஒலி எலும்பும் தோலுமாகிவிடும். அது கொம்புப் பெட்டி கேட்கும் பிராணி. ஆக, வானொலிக் கூம்புக்கு நல்லது லௌதருக்கு நஞ்சு. "எந்தப் பெட்டியிலும் போடலாம்" என்பவர், எல்லா நோய்க்கும் ஒரே குளிசை கொடுக்கும் வைத்தியர்.

இந்தக் கணக்குகளை உலகுக்குத் தந்தவர்கள் அவுஸ்திரேலியாவின் நெவில் தீலும் அவருக்குப் பின் றிச்சர்ட் ஸ்மோலும். தீலின் கட்டுரை 1961 இல் அங்கு வெளிவந்து, 1971 இல் அமெரிக்க ஒலிப்பொறியியல் சஞ்சிகையில் மறுபிரசுரமான பின்னரே பரவலாக அறியப்பட்டது. ஆகவே 1950களின் ஒலிபெருக்கியோடு அந்த எண்கள் அச்சிட்டு வரவில்லை. வந்திருந்தாலும் பயனில்லை, எழுபது வருடத்தில் விளிம்பு இறுகியிருக்கும், காந்தம் தளர்ந்திருக்கும். ஒரு கணினி, ஒரு தடையி, இலவச மென்பொருள் ஒன்று இருந்தால், உங்கள் கையில் உள்ள ஒலிபெருக்கியின் எண்களை ஒரு மாலைப் பொழுதில் நீங்களே அளந்துகொள்ளலாம். அளக்காமல் பெட்டி செய்பவர், காலை அளக்காமல் சப்பாத்து தைப்பவர்.

இரண்டாவது பொய்: "ருவீற்றர் ஒன்றைப் போட்டால் சரியாகிவிடும்."

இங்கும் ஒரு கணக்கு உண்டு. அக்கால வானொலிகளில் ஒரு இ.எல்.84 வால்வு தந்த வலு ஐந்து வாற்று அளவுதான். அந்தச் சொற்ப வலுவில் கூடம் நிறைய வேண்டியிருந்ததால், ஒலிபெருக்கிகள் உணர்திறன் மிக்கவையாகச் செய்யப்பட்டன. ஒரு வாற்றுக்கு, ஒரு மீற்றர் தூரத்தில் 94 டெசிபல் தருபவை பல. இன்று கடையில் வாங்கும் துணிக்குமிழ் ருவீற்றர்களில் பல 88 முதல் 91 வரைதான் தரும். ஆறு டெசிபல் வித்தியாசம் என்றால் நான்கு மடங்கு வலு. உரத்து ஒலிக்கும் ருவீற்றரைத் தடையிகளால் அடக்கலாம். ஒலிக்காததை உயர்த்த வழியே இல்லை. ஆகவே ருவீற்றரின் உணர்திறன் பிரதான ஒலிபெருக்கிக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். அதே காலத்துக் காகிதக் கூம்பு ருவீற்றரோ, சிறு கொம்பு ருவீற்றரோதான் பொருந்தும்.

அடுத்தது, எங்கிருந்து தொடங்குவது? வியாபாரிகள் 4.7 மைக்றோபரட் கொள்ளளவியை வழக்கமாகப் போடுகிறார்கள். எட்டு ஓம் ருவீற்றருக்கு அது 4,200 ஹேர்ட்ஸ் அளவிலேயே வேலை தொடங்கிவிடும். அங்கே நடுக்கூம்பு இன்னும் முழுக்குரலில் பாடிக்கொண்டிருக்கிறது. ஒரே வரியை இருவர் ஒருவரையொருவர் முந்திப் பாடினால் எப்படியோ அப்படி. 2.2 மைக்றோபரட் என்றால் 9,000 ஹேர்ட்ஸ். கூம்பு களைக்கும் இடத்தில் ருவீற்றர் மெல்லக் கைகொடுக்கும். செலவும் குறைவு.

இந்த இடத்தில் மறுதரப்பான தூய்மைவாதிகளும் எழுந்து நிற்பார்கள். முழுவீச்சு ஒலிபெருக்கிக்கு ருவீற்றர் போடுவதே பாவம் என்பார்கள். இவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 1950களின் நடுப்பகுதியில் மேற்கு ஜேர்மனிய வானொலிகளின் பக்கவாட்டில் சிறு உயரொலி ஒலிபெருக்கிகளைப் பொருத்தியவர்கள் அந்தக் கூம்புகளைச் செய்தவர்களேதான். எட்டு அங்குலக் கூம்பு 2,000 ஹேர்ட்சுக்கு மேலே கைவிளக்குப்போல நேர்முன்னே மாத்திரம் உயரொலியை வீசும். நடுக்கதிரையில் இருப்பவருக்குச் சங்கீதம், ஓரத்தில் இருப்பவருக்கு முணுமுணுப்பு. அதைப் பரப்ப ருவீற்றர் உதவும். ஐம்பதைக் கடந்த எங்களில் பலருக்கு 12,000 ஹேர்ட்சுக்கு மேலே அதிகம் கேட்பதில்லை என்பதையும் சேர்த்து நினைத்தால், ருவீற்றருக்காகப் பெருந்தொகை கொடுப்பதில் உள்ள வேடிக்கை புரியும். முதலில் பெட்டி, பிறகு கேட்டுப் பார்ப்பது, கடைசியில் வேண்டுமானால் ருவீற்றர். இதுதான் வரிசை.

மூன்றாவதைப் பொய் என்று சொல்லமாட்டேன், அது வாதம். "வானொலிகள் எப்படியும் சாகப்போகின்றன. ஒலிபெருக்கியையாவது காப்பாற்றுகிறோமே." கறையான் அரித்த, மின்மாற்றி எரிந்த, திருத்த முடியாத பெட்டி என்றால் நானும் ஒப்புக்கொள்கிறேன். தாராளமாகக் கழற்றுங்கள். ஆனால் பாடிக்கொண்டிருக்கும் வானொலியைக் கொன்று, இரண்டு கூம்புகளை எடுத்து, அவற்றையும் பிழையான பெட்டியில் புதைப்பது காப்பாற்றுதல் ஆகாது. அந்தக் கூம்புக்கு மிகச் சரியான பெட்டி எது என்ற கேள்விக்கு, அதைச் செய்த தொழிற்சாலையே விடையைச் சுற்றிவரக் கட்டி அனுப்பியிருந்தது. சிறு இணைப்பொன்று கொடுத்தால் இன்றைய கைத்தொலைபேசியின் பாட்டையும் அதே வானொலி பாடும். மின்னியல் தெரிந்த ஒருவரைக் கொண்டு செய்விக்க வேண்டும், அவ்வளவே.

நண்பருக்கு இதன் பிரதியை அனுப்புகிறேன். கோபிப்பார். பரவாயில்லை. கூம்புகள் இன்னும் கிழியவில்லை, மரப்பெட்டி இன்னும் விறாந்தையில்தான் இருக்கிறது. எட்டு ஆணிகளைக் கழற்றித் திரும்பவும் பழைய இடத்தில் பூட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அழைத்தால் நானும் வருவேன்.