கணப்புக்கான வேலை பங்குனியிலேயே தொடங்கட்டும்

உதகையில் உறைபனி விழுந்ததும் நாம் முதலில் பார்ப்பது, வெள்ளை பூத்த புல்வெளிகளின் படங்களை. அதே வாரத்தில்தான், ஆண்டில் முக்கால்வாசி நாள் சும்மா கிடந்த கணப்புகளில் அவசரமாக விறகு அடுக்கப்படுகிறது. பழைய பங்களாக்களிலும் சரி, அவற்றைப் பார்த்துக் கட்டிய விடுதிகளிலும் சரி. கொடைக்கானலிலும் இதே கதைதான். அதிகம் போனால், அடுப்பில் கிடந்த பழைய சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டுத் தீ மூட்டுவார்கள். கார்த்திகையில் குளிர் வந்த பிறகு செய்யும் இந்த ஏற்பாடு பெரும்பாலும் காலம் கடந்த ஏற்பாடு. நம் மலைகளைப் பொறுத்தவரை, கணப்பைத் தயார் செய்யும் மாதம் பங்குனி, தள்ளிப்போனால் சித்திரை.

காரணம் நம் மழைக்காலம். ஐரோப்பாவில் கோடை வெயிலில் விறகு காய்கிறது, இலையுதிர் காலத்தில் புகைபோக்கியைத் துடைக்கிறார்கள், பிறகு குளிர் வருகிறது. அந்த ஊர்க்காரர்கள்தான் இங்கே கணப்பைக் கொண்டுவந்தார்கள். 1820களில் கோவை ஆட்சியராக இருந்த சல்லிவன் உதகையில் வீடு கட்டிய காலத்திலிருந்து அது இங்கே இருக்கிறது. அவர்களுடைய நாள்காட்டி மட்டும் இந்த மலைக்குப் பொருந்தாது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. அது ஓய்வதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. அது முழுதாக விலகும் முன்பே உறைபனியும் ஆரம்பித்துவிடுகிறது. இடையில் விறகு உலர நாள் ஏது? புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். கணப்புக்கு ஏற்ற விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும். அதற்குப் பிளந்து, மேலே கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும் உள்ள இடத்தில் அடுக்கி, ஆறு மாதமாவது விட வேண்டும். கற்பூர மரம், சீகை மரம் போன்ற கனமான கட்டைகளுக்கு அதுவும் போதாது. ஐப்பசியில் வாங்கிய விறகு மண்ணெண்ணெய் ஊற்றினால் எரியத்தான் செய்யும். ஆனால் அந்தத் தீயின் சூட்டில் ஒரு பகுதி கட்டைக்குள் இருக்கும் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடுகிறது. அறைக்கு மிஞ்சுவது புகையும் கொஞ்சம் வெதுவெதுப்பும்.

அந்த ஈரப் புகை மேலே போகும்போதுதான் உண்மையான கேடு தொடங்குகிறது. குளிர்ந்த புகைபோக்கியின் உட்சுவரில் பட்டதும் அதிலுள்ள தார் போன்ற பொருள்கள் பிசினாக ஒட்டிக்கொள்கின்றன. ஆண்டுக்கணக்கில் தடித்துப்போன அந்தப் படிவு ஒருநாள் பற்றிக்கொண்டால், குழாய்க்குள் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பழைய பங்களாவின் கூரை மரச்சட்டங்கள் அந்தக் குழாயை ஒட்டித்தான் நிற்கின்றன. பற்றாவிட்டாலும் ஆபத்து உண்டு. மழைநீர் ஊறும்போது இதே படிவு அமிலமாகிச் செங்கல் இடைவெளியிலுள்ள சுண்ணாம்புக் காரையை அரிக்கிறது. அந்த விரிசல் வழியாகப் புகை அறைக்குள் கசியும். குளிர் முடிந்த கையோடு, மழைக்கு முன்பே கரியைச் சுரண்டிவிட வேண்டும் என்பது இதனால்தான். அப்போதே உச்சியில் மழைத்தொப்பியும் கம்பிவலையும் பொருத்திவிட்டால் பறவைக் கூடும் சருகும் உள்ளே சேராது. கார்த்திகையில் மிச்சமிருப்பது சிறு வேலைதான்: புகைபோக்கியின் மூடுதகடு திறக்கிறதா என்று பார்த்து, ஒரு செய்தித்தாளைக் கொளுத்தி மேலே பிடித்துக் குழாயைச் சூடாக்கி, புகை மேலே ஏறுவதை உறுதி செய்துகொண்டு விறகில் தீ வைப்பது.

‘நூறு வருஷமாக இப்படித்தான் மூட்டுகிறோம், என்ன ஆகிவிட்டது?’ என்று கேட்பார்கள். அந்த நூறு வருடத்து வீடுகளின் மரச் சன்னல்களில் இடுக்கு இருந்தது. கதவுக்கு அடியில் காற்று புகுந்தது. இன்று அலுமினியச் சட்டமும் கண்ணாடியுமாக அறையை இறுக அடைத்துவிடுகிறோம். தீக்கு வேண்டிய காற்று உள்ளே வர வழியில்லை. அதனால் புகையும் மேலே போவதில்லை. அரைகுறையாக எரியும் தீயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு சேர்ந்துகொள்ளும். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. தலைவலியும் மயக்கமும் குளிரால் வந்த அசதி என்று நினைத்துத் தூங்கிவிடுபவர்கள் எழுவதில்லை. கணப்பு புகைகிறதே என்று சட்டியில் கரித் தணலை அள்ளி அறைக்குள் வைப்பது இன்னும் மோசம். கண்ணைக் கரிக்கும் புகை கரியில் இல்லை. நச்சுவாயு தாராளமாக உண்டு. தணல் வைத்த மூடிய அறையில் உறங்கியவர்கள் இறந்துபோன செய்தி மலையூர்களிலிருந்து அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது.

மின்சார ஹீட்டர் இருக்கும்போது இந்தத் தொல்லை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. சூட்டுக்காக மட்டும் என்றால் திறந்த கணப்பு வீண்தான். விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடுகிறது. பராமரிக்க மனமில்லாதவர்கள் அதை நிரந்தரமாக அடைத்துவிட்டு ஹீட்டர் வாங்குவதே சரி. ஆனால் மலையின் விடுதிகள் கணப்பைக் காட்டி வாடகை வாங்குகின்றன. அவை அதை அடைக்கப்போவதில்லை என்றால் பராமரித்தே ஆக வேண்டும். புகைபோக்கி துடைக்க இங்கே ஆள் இல்லை என்பது பாதி உண்மை. இதற்கு வேண்டியது நீளக் கழியில் கட்டிய கம்பித் தூரிகையும், கூரை ஏறத் தெரிந்த ஒரு கொத்தனாரும்தான். கேட்பவர்கள் பெருகினால் செய்பவர்களும் வருவார்கள். மே மாதக் கூட்டத்துக்கு முன், பங்குனியில் ஒருநாள் அறையைக் காலியாக வைப்பதால் நஷ்டம் பெரிதாக வராது.

அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதிமுறை, புகைபோக்கியை ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிக்கச் சொல்கிறது. நீலகிரி, திண்டுக்கல் மாவட்ட நிர்வாகங்கள், கணப்புள்ள விடுதிகளுக்கு அதே சோதனையை உரிமத்தின் நிபந்தனையாக்க வேண்டும். படுக்கையறையில் கரிச்சட்டி வைப்பதை அறவே தடுக்க வேண்டும். அந்த விதி வரும்வரை, மலையில் அறை எடுப்பவர்கள் கணப்பை மூட்டச் சொல்லும் முன் புகைபோக்கியைக் கடைசியாக எப்போது துடைத்தார்கள் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் இன்னொரு கம்பளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.