திரும்பிப் போக இடமில்லாத நாய்கள்

டெல்லி வட்டாரத் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடக்கூடாது என்றது. அதே உத்தரவில் இன்னொன்றும் இருக்கிறது. விலங்கு ஆர்வலர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாய்களைத் தத்தெடுக்கலாம். அப்படி எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு.

அன்றிலிருந்து எந்த விவாதத்திலும் ஒரு குரல் கேட்கிறது: “நாய்மேல் அவ்வளவு பரிவு இருந்தால் ஆளுக்கு இரண்டை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதுதானே?” தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்களை மடக்குவதற்காகக் கேட்கப்படும் கேள்வி இது. ஆனால் தத்தெடுப்பைப் பற்றிய தவறான எண்ணம் ஒன்றும் இதில் ஒளிந்திருக்கிறது. தெருவைக் காலி செய்யும் வழி தத்தெடுப்பு அல்ல. 2024 கணக்கெடுப்பின்படி சென்னையில் மட்டும் சுமார் 1.81 லட்சம் தெருநாய்கள். அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூட அப்போது கருத்தடை ஆகியிருக்கவில்லை. இத்தனை நாய்களுக்கு எந்த ஊரிலும் வீடு கிடைக்காது.

தெருவுக்கான விடை வேறு. அதை நாட்டுக்குச் சொன்னதே சென்னைதான். 1959-ல் விமானி கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய ப்ளூ கிராஸ் அமைப்பு, 1964-லேயே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யத் தொடங்கியது. நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்த மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆனது. 2001-ல் அதுவே நாடு முழுமைக்கும் விதியானது. 2023-ல் புது விதிகள் வந்தன. பிடி, கருத்தடை செய், ஊசி போடு, பிடித்த இடத்திலேயே விடு என்பதுதான் இவற்றின் சாரம். நூற்றுக்கு 70 நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வெறிநோய்ப் பரவல் அறுந்துபோகும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த வேலையை மாநகராட்சிகள் செய்தே தீர வேண்டும். ஆர்வலர்களின் வீட்டு வாசலில் அதை இறக்கிவைக்க முடியாது.

அப்படியானால் தத்தெடுப்பு யாருக்கு?

திரும்பிப் போக இடமில்லாதவற்றுக்கு. விலங்கு நல அமைப்பு எதன் காப்பகத்துக்குள் போனாலும் அவற்றைப் பார்க்கலாம். லாரி ஏறிக் கால் போனது. டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய் வந்து பிழைத்து, தலை ஆடிக்கொண்டே இருப்பது. பார்வை போனது. தாய் செத்து அட்டைப்பெட்டியில் வந்து சேர்ந்த குட்டிகள். இவற்றோடு, வீட்டில் வளர்ந்து வீதியில் விடப்பட்ட லேப்ரடார்களும் ஜெர்மன் ஷெப்பர்டுகளும் ஹஸ்கிகளும். இந்தக் கடைசி வகைதான் மனத்தை அதிகம் பிசைகிறது. தெருநாய்க்குத் தெரு தெரியும். எந்தக் கடையில் எலும்பு விழும், எந்த வண்டிக்கு ஒதுங்க வேண்டும் என்று தெரியும். மெத்தையில் தூங்கிய நாய்க்கு ஒன்றும் தெரியாது. வீட்டை மாற்றும்போதும், குழந்தை பிறந்ததும், நாய்க்குத் தோல் நோய் வந்ததும், குட்டி போட்டு விற்க இனி உதவாது என்றானதும் அதைக் காரில் ஏற்றி ஊருக்கு வெளியே இறக்கிவிட்டு வருகிறார்கள். விட்ட இடத்திலேயே பல நாள் காத்துக் கிடக்கும்.

காப்பகத்துக்கு நாய் எடுக்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் இவற்றைக் கடந்து போய்விடுகிறார்கள் என்பதே நம் வருத்தம். இரண்டு மாதக் குட்டி வேண்டும், ஆண் வேண்டும், வெள்ளையோ பழுப்போ வேண்டும். பெண் குட்டி என்றால் ஈன்று தொல்லை கொடுக்கும் என்ற பயம். கருத்தடை செய்த பெண் நாய் எப்படி ஈனும்? ஆறு மாதம் ஆனதும் செய்துவிடுகிற ஓர் அறுவைச் சிகிச்சை அந்தப் பேச்சையே முடித்துவிடுகிறது. ஆனாலும் ஒரே ஈற்றில் பிறந்த ஆண் குட்டிகள் போய்விடும், பெண் குட்டிகள் தங்கிவிடும். வளர்ந்த நாய் புது வீட்டில் ஒட்டாது என்பதும் அதே போன்ற வீண் பயமே. குட்டி எப்படி வளரும், என்ன குணம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான்கு வயது நாட்டு நாயைப் பற்றிக் காப்பகத்தில் அதைக் குளிப்பாட்டி உண்ணி எடுக்கும் அம்மாவைக் கேட்டால் எல்லாம் சொல்வார்: பூனையைக் கண்டால் என்ன செய்யும், இடிச் சத்தத்துக்குப் பயப்படுமா, குழந்தைகளோடு எப்படி இருக்கும் என்று. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு இந்த நாய்தான் பொருத்தம். செருப்பைக் கடித்துக் குதறும் பருவத்தை அது தாண்டிவிட்டது. நம் வெயிலுக்கும் மழைக்கும் தாங்கிய உடம்பும் அதற்கு உண்டு.

தத்து கேட்டுப் போனால் ஏன் இத்தனை கேள்வி என்ற முணுமுணுப்பும் அடிக்கடி காதில் விழுகிறது. சொந்த வீடா, வாடகையா? வீட்டுக்காரர் சம்மதித்தாரா? வீட்டில் எல்லோருக்கும் விருப்பமா? பகலில் யார் இருப்பார்கள்? ஊருக்குப் போனால் நாயை எங்கே விடுவீர்கள்? சங்கிலியில் கட்டிப்போடுவீர்களா? மொட்டை மாடியில் விடுவீர்களா? பிறகு வீட்டைப் பார்க்க ஒருவர் வருவார். கருத்தடைக்கும் ஆண்டுதோறும் ஊசிக்கும் எழுதி வாங்குவார்கள். வாடகைக்கு ஒரு வீடு பிடிக்கவே இதைவிட அதிகக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறோம்; 10, 15 ஆண்டு கூடவே வாழப்போகும் உயிருக்காகக் கேட்டால் என்ன குறைந்துவிடும்? இந்தக் கேள்விகளைத் தொண்டு அமைப்புகள் ஒன்றுகூடக் குறைக்கக் கூடாது. தத்தெடுப்பு முகாம்களில் எண்ணிக்கை காட்டுவதற்காக ஒரே மாலையில் குட்டிகளை அள்ளிக் கொடுப்பவர்களை நாம் ஆதரிக்கவில்லை. அப்படிப் போன குட்டி வேறொரு தெருவில்தான் வந்து முடிகிறது.

கொடுத்த பிறகும் தொடர்பு வேண்டும். புது நாய்க்கு மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதம் ஆனால்தான் வீடு என்ற நினைப்பு வரும் என்பது காப்பகங்களில் சொல்லும் கணக்கு. முதல் வாரத்தில் சாப்பிடவில்லை, கட்டிலடியை விட்டு வரவில்லை என்று பதறுகிறவருக்கு அலைபேசியில் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தால் பாதி நாய்கள் திரும்பி வராது. உண்மையாகவே ஒத்துவராவிட்டால் திருப்பிக் கொடுக்கட்டும். அதற்காக யாரையும் ஏசக் கூடாது. ஏச்சுக்குப் பயந்து வேறெங்காவது விட்டுவிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இவ்வளவையும் தொண்டு அமைப்புகள் தலையில் கட்டிவிட்டு அரசு ஒதுங்க முடியாது. நாயைப் பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி கைவிடுவது விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். ருக்மிணி தேவி அருண்டேல் நாடாளுமன்றத்தில் எழுப்பிய குரலால் 1960-ல் வந்த சட்டம் அது. முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை என்று அன்று எழுதினார்கள். அன்று அது ஒரு தொகை. இன்று ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் போதாது. திருத்தத்துக்கான வரைவை 2022-ல் மத்திய அரசு வெளியிட்டது. அதைச் சட்டமாக்குவதில் தாமதம் கூடாது. 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது, குட்டி வளர்த்து விற்பவர் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன. பதிவில்லாமல் விற்பவர்களைத் தேடிப் பிடிக்காத வரை, ஒரு பக்கம் விற்கப்பட்டவை மறுபக்கம் காப்பகத்தில் வந்து குவியும்.

அடுக்குமாடிச் சங்கங்கள் பெரும்பான்மை வாக்கெடுத்துக்கூட வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015-லேயே வழிகாட்டியது. இதை அறிந்த சங்கங்கள் குறைவு. தத்தெடுக்க மனம் இருந்தும் செயலாளரின் முகத்துக்கு அஞ்சிப் பின்வாங்கும் குடும்பங்கள் நிறைய. அந்த வழிகாட்டுதலை ஒவ்வொரு குடியிருப்புக்கும் அனுப்புவது மாநகராட்சிக்குச் சில நாள் வேலை.

வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்று சென்னை மாநகராட்சி சொல்லியிருப்பது சரியான நடவடிக்கை. கைவிடப்பட்ட நாயின் உடலில் உள்ள சிப்பின் எண்ணை வைத்தே அதன் உரிமையாளரைப் பதிவேட்டில் கண்டுபிடிக்கலாம். இந்த ஏற்பாட்டைக் காப்பகங்களிலிருந்தே தொடங்கலாம். தத்து கொடுக்கும் அன்றே சிப்பைப் பொருத்தி, உரிமத்தை அங்கேயே எழுதிக் கொடுத்து, தத்தெடுத்த நாய்க்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யட்டும். ஊனமான, வயது முதிர்ந்த நாயை எடுப்பவருக்கு அரசுக் கால்நடை மருத்துவமனையில் ஆயுள் முழுவதும் இலவச சிகிச்சை என்று ஓர் அட்டை கொடுக்கட்டும். மூன்று கால் நாயைப் பார்த்து மனம் இளகி, பிறகு மருந்துச் செலவை நினைத்துத் தயங்கி நிற்பவர்களுக்கு அந்த அட்டை போதும்.