ஒரு கட்டிப் படிகாரம்



மழைக்காலத்தில் குடத்துத் தண்ணீர் செம்மண் கலங்கலாக இருந்தால், அம்மா படிகாரக் கட்டியை உள்ளே விட்டு நாலு சுற்றுச் சுற்றி எடுத்துவிடுவார். விடிந்து பார்த்தால் வண்டல் அடியில், தெளிந்த நீர் மேலே. அதிகம் கரைத்துவிட்டால் நாக்கைத் துவர்ப்புப் பிடித்துக்கொள்ளும். அன்று அம்மாவுக்கு அப்பாவிடம் பாட்டுதான்.

சுத்திகரிப்பு நிலையத்திலும் இதே வேலைதான் நடக்கிறது. அங்கே படிகாரத்தின் உறவுக்காரரான அலுமினியம் சல்பேட். களிமண் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதப்பவை. அந்தத் தள்ளலை அலுமினியம் சல்பேட் தணித்ததும் பஞ்சுபோலத் திரண்டு கீழே இறங்கிவிடும். அலுமினியத்தில் பெரும்பகுதியும் அந்த வண்டலோடு போய்விடும். மீதி எவ்வளவு இருக்கலாம்? நம் நாட்டுத் தரநிலையின்படி லிட்டருக்கு 0.03 மில்லிகிராம், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 0.2 வரை. துகள்கள் திரள உதவியாகப் பாலிஅக்ரிலமைடும் சேர்த்தால், அதில் ஒட்டியிருக்கும் அக்ரிலமைடுதான் கவலை. உலக சுகாதார நிறுவனம் அதற்கு லிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் என்று வரம்பு கட்டியிருக்கிறது.

அளவு தப்பினால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்தின் கார்ன்வாலில், கேமல்ஃபோர்டு ஊர்க்காரர்கள் கண்டார்கள். 1988 ஜூலை 6. லோவர்மூர் நிலையத்துக்கு டேங்கர் ஓட்டி வந்தவர் அந்த இடத்துக்குப் புதியவர். 20 டன் அலுமினியம் சல்பேட்டைத் தவறான தொட்டியில் இறக்கிவிட்டார். அதில் இருந்தது சுத்திகரித்து முடிந்து வீடுகளுக்குப் போகவிருந்த தண்ணீர். புளித்த அந்த நீர் செப்புக் குழாய்களை அரித்தது. கரைந்த செம்பால் சிலருக்குத் தலைமுடியே பச்சையானது. சுமார் 20,000 பேர் குடித்த தண்ணீர். கேட்டவர்களுக்கு நீர் நிர்வாகத்தினர், 'ஆபத்தில்லை, ஆரஞ்சுச் சாறு கலந்து குடியுங்கள்' என்று பதில் சொன்னார்களாம்! உண்மைக் காரணம் ஊருக்குத் தெரிய 16 நாள் ஆனது. டேங்கர்காரரின் பிழையைக்கூட நான் மன்னித்துவிடுவேன். அந்த 16 நாள் மௌனத்தை முடியாது. 1991இல் நீர் நிர்வாகத்துக்கு 10,000 பவுண்டு அபராதம். அரசு மன்னிப்புக் கேட்டது 2013இல்.

ஆகவே ஒரு வேண்டுகோள். குழாய்த் தண்ணீர் திடீரென்று புளித்தாலோ துவர்த்தாலோ, பக்கத்து வீட்டிலும் அப்படித்தானா என்று விசாரியுங்கள். உடனே குடிநீர் அலுவலகத்துக்குப் போன் போடுங்கள். பதில் வரும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம், அதில் சமைக்கவும் வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்