எழுந்து நின்றுவிட்டால் பிழைத்ததாக அர்த்தமா?

ஆங்கிலப் படத்தில் கதாநாயகன் மாடியிலிருந்து குதிக்கிறார், ஓடும் காரிலிருந்து உருளுகிறார், உடனே எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு நடக்கிறார். வீட்டில் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். ஆனால் பல காட்சிகளில் குதித்தது அவர் இல்லீங்க! அவரைப் போலவே உடையணிந்த ஒரு சண்டைக் கலைஞர். அந்த உடம்பு என்ன பாடுபட்டிருக்கும் என்று என்றைக்காவது யோசித்தோமா?

ஹால் நீதம் என்று ஒருவர். மரம் வெட்டுபவராகவும், ராணுவத்தில் பாராசூட் வீரராகவும் இருந்துவிட்டு ஹாலிவுட்டுக்கு வந்தவர். தொழிலில் அவருக்கு உடைந்த எலும்புகள் 56. முதுகெலும்பு இரண்டு தடவை முறிந்தது. 2012-ல் கௌரவ ஆஸ்கர் விருது பெற்றார். 2013-ல் 82-வது வயதில் மறைந்தார்.

“பாத்தீங்களா டாக்டர், 56 எலும்பு உடைஞ்சும் 82 வயசு வரைக்கும் இருந்திருக்காரே!” என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். டார் ராபின்சன் கதையையும் கேளுங்கள்.

1979-ல் கனடாவின் டொரண்டோ நகர சி.என். கோபுரத்திலிருந்து படத்துக்காகக் குதித்தவர் இவர். உடைக்குள் மறைத்திருந்த பாராசூட்டைத் தரைக்குச் சுமார் 300 அடி மேலேதான் விரித்தார். 19 வருடத் தொழிலில் ஓர் எலும்புகூட முறியவில்லை என்று இவரைச் சொல்வார்கள். 1986-ல் அரிசோனாவில் ஒரு படப்பிடிப்பு. பெரிய சாகசம் முடிந்தது. ‘இனி சாதாரணக் காட்சிதானே’ என்று மருத்துவக் குழுவை அனுப்பிவிட்டார்கள். அந்தச் சாதாரண மோட்டார் சைக்கிள் ஓட்டத்தில்தான் வளைவைத் தவறவிட்டு, பள்ளத்தில் பாய்ந்து உயிரை விட்டார். வயது 39!

உயரம்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். 1978-ல் ஏ.ஜே. பகுனாஸ் என்ற இளைஞர் 300 அடிக்கும் மேலிருந்து குதித்தார். கீழே விரித்திருந்த காற்று மெத்தை கிழிந்து இறந்தார். ஆனால் 2017-ல் ஜார்ஜியாவில், தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் நடித்த கலைஞர் விழுந்தது சுமார் 20 அடிதான். மெத்தையைத் தவறவிட்டுக் கான்கிரீட்டில் விழுந்தார். அவரும் போய்விட்டார். கொல்வது உயரம் மட்டுமல்ல, ‘ஒண்ணும் ஆகாது’ என்ற நினைப்பும்தான்.

நாம் ஸ்டண்ட் மாஸ்டர் என்கிறவரை அங்கே ஸ்டண்ட் கோஆர்டினேட்டர் என்கிறார்கள். தூரத்தை அளப்பது, ஒத்திகை பார்ப்பது, வண்டியைச் சோதிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. என்னைக் கேட்டால், அவருடைய முதல் தகுதி ‘இன்னிக்கு வேண்டாம்’ என்று சொல்லும் தைரியம்தான். அந்த வார்த்தையை யாரும் சொல்லாத இடத்தில் என்ன நடக்கும்? 1980-ல் ‘தி கேனன்பால் ரன்’ படப்பிடிப்பு. ஹைடி வான் பெல்ட்ஸ் என்ற இளம்பெண் இருந்த காரில் சீட் பெல்ட் இல்லை. மோதலில் கழுத்து முறிந்து, கை கால்கள் செயலிழந்தன. படத்தின் இயக்குநர் யார் தெரியுமா? பாதுகாப்புக் கருவிகள் பலவற்றை அந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்த அதே ஹால் நீதம்! அனுபவசாலிக்கும் கண் தப்பும்.

உடைந்த எலும்பு எக்ஸ்ரேயில் தெரியும், கட்டுப் போட்டால் கூடும். மூளை குலுங்கிய அடி அப்படியல்ல. ரத்தம் வராது, வீக்கமும் இருக்காது. அடுத்த வாய்ப்பு போய்விடுமே என்று தலை சுற்றலை மறைத்துக்கொண்டு வேலை செய்கிற கலைஞர்கள் அங்கே உண்டு. ஆறாத அடியின் மேல் அடுத்த அடி விழுந்தால்? பின்னாளில் மறதி, மனச்சோர்வு வரை கொண்டுபோய் விடலாம். வெளியே காயமில்லாமல் உள்ளே சேதம் நேரும் என்பது வர்மம் படித்த எங்களுக்குப் பால பாடம்.

ஆகவே வீட்டில் பிள்ளையோ பெரியவரோ விழுந்து தலையில் அடிபட்டால், எழுந்து நடக்கிறாரே என்று விட்டுவிடாதீர்கள். வாந்தி, அதிகத் தூக்கம், பேச்சுக் குழறல், கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, சிறிது நேர மயக்கம் – இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கழுத்து வலித்தால் ஆளை அசைக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். எண்ணெய் போட்டு நீவுவது, கழுத்தைச் சொடுக்குவது கூடவே கூடாது! சித்த வைத்தியனான நானே சொல்கிறேன். அந்த நேரத்தில் என்னிடமும் வராதீர்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்தபிறகு, உடம்பு தேற எங்கள் மருந்துகள் இருக்கின்றன.

சண்டைக் கலைக்கும் ஆஸ்கர் உண்டு என்று 2025-ல் அறிவித்திருக்கிறார்கள். 2027-ல் வெளிவரும் படங்களுக்கு முதன்முதலாகத் தரப்போகிறார்கள். நல்ல சேதி. ஆனால் எத்தனை உயரத்திலிருந்து குதித்தார் என்பதை வைத்து அதைக் கொடுக்காமல், எத்தனை பேரைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பினார் என்று பார்த்துக் கொடுத்தால், நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன்!